மேல் கடைவாய்ப் பல் எடுத்த பிறகு சைனஸைப் பார்த்துக்கொள்வது எப்படி?

பல் எடுத்த நான்காம் நாள் தண்ணீர் குடித்தபோது இடது மூக்கிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. புரையேறிவிட்டது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். மறுநாளும் விழுந்தது. ஜலதோஷம் வேறு பிடித்திருந்ததால் மூக்கைப் பலமாகச் சிந்தினேன். பல் இருந்த குழியிலிருந்து வாய்க்குள் புஸ்ஸென்று காற்று வந்தது. புண் ஆறும்போது இப்படியெல்லாம் இருக்கும் போல என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, பதினோராம் நாள்தான் மருத்துவரிடம் போனேன். ஒரு தையலோடு முடிந்திருக்கக்கூடிய வேலை சைனஸைக் கழுவுவது, ஈறைப் புரட்டி மூடுவது, மறுபடி பரிசோதனை என்று மூன்று மாதம் இழுத்தது.

எனக்குத் தந்த தாளில் பஞ்சைக் கடித்திருங்கள், சூடாகச் சாப்பிடாதீர்கள், மாத்திரையை வேளைக்குப் போடுங்கள் எல்லாம் இருந்தன. மூக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த விட்டுப்போன வரிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் இதிலிருந்து மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் உங்கள் வாய்க்குள் பார்த்தவர்.

1. உங்கள் பல் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

கன்ன எலும்புக்குள், மூக்குக்கு இரு புறமும், காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அதுதான் மேல்தாடை சைனஸ். பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 15 மில்லி கொள்ளளவு. அதன் தரைதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கூரை. சிலருக்கு இரண்டுக்கும் நடுவில் நல்ல கனமான எலும்பு இருக்கும். சிலருக்கு எலும்பே இருக்காது; ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சவ்வு மட்டும் இருக்கும். வேரோடு அந்தச் சவ்வும் கிழிந்தால் வாய்க்கும் சைனஸுக்கும் நேர்வழி திறந்துவிடும்.

முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்களில்தான் இது அதிகம் நடக்கிறது. மருத்துவரின் சீட்டில் 16, 17, 26, 27 என்று எழுதியிருந்தால் அவைதான். அடுத்தபடியாக மேல் ஞானப்பல் (18, 28), அதற்கடுத்து இரண்டாம் முன்கடைவாய்ப் பல் (15, 25). முன்பற்களும் கீழ்த்தாடைப் பற்களும் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

வேர்கள் நீளமாகவோ விரிந்தோ இருந்தால், வேர் நுனியில் பழைய சீழ்க்கட்டி இருந்தால், அக்கம்பக்கத்துப் பற்கள் போய் அந்த ஒரு பல் மட்டும் பல ஆண்டுகளாகத் தனியாக நின்றிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். தனியாக நிற்கும் பல்லைச் சுற்றி சைனஸ் கீழ்நோக்கி இறங்கிவிடுவது உண்டு. என்னுடையது அப்படிப்பட்ட பல்தான். எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கும்; நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

2. நாற்காலியை விட்டு இறங்குமுன் நான்கு கேள்விகள்

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேச முடியாது. அதனால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அல்லது கூட வருபவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்று: வேர் சைனஸுக்கு எவ்வளவு அருகில் இருந்தது? இரண்டு: வேர்கள் எல்லாம் முழுதாக வந்துவிட்டனவா, ஏதாவது துண்டு உள்ளே நின்றுவிட்டதா? மூன்று: சைனஸ் திறந்திருக்குமோ என்று சந்தேகம் இருக்கிறதா? நான்கு: தையல் போட்டிருந்தால் அது தானாகக் கரையும் நூலா, பிரிக்க வர வேண்டியதா, எந்தத் தேதியில்?

மூன்றாவது கேள்விக்கு 'அப்படி ஒன்றும் இல்லை' என்று பதில் வந்தாலும், பல் மேல் கடைவாய்ப் பல் என்றால் கீழே சொல்லும் கட்டுப்பாடுகளை இரண்டு வாரம் கடைப்பிடிப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. சின்னத் திறப்பு அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ரத்தம் உறைந்து மூடியிருக்கும், இரண்டு மூன்று நாள் கழித்து உறைவு நகரும்போதுதான் தெரியவரும்.

அன்றைக்கே வாங்கி வைக்க வேண்டிய காகிதங்களும் உண்டு. பல் எடுப்பதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே (படமாகவோ கோப்பாகவோ), பின்னால் எடுத்திருந்தால் அதுவும், எந்தப் பல் எடுக்கப்பட்டது, என்ன நடந்தது என்று தேதியோடு எழுதிய சிகிச்சைக் குறிப்பு, மருந்துச் சீட்டு, பணம் கட்டிய ரசீது. பல் மருத்துவமனையிலிருந்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினால் அங்கே கேட்கும் முதல் விஷயம் பழைய படம்தான். என்னிடம் இல்லை. அதை வாங்க இரண்டு நாள் அலைந்தேன், கிடைக்காமல் புதிதாக எடுக்க மறுபடி பணம் கட்டினேன்.

3. முதல் 24 மணி நேரம்

இந்த ஒரு நாளின் வேலை ஒன்றே ஒன்றுதான்: குழியில் உறைந்த ரத்தக்கட்டி அசையாமல் இருக்க வேண்டும். சைனஸ் திறந்திருந்தால் அதற்கு மூடி அந்தக் கட்டிதான்.

பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். எச்சிலைத் துப்பாதீர்கள், விழுங்குங்கள், அல்லது குனிந்து தானாக வழிய விடுங்கள். வாய் கொப்பளிக்க வேண்டாம். ஸ்ட்ரா வேண்டாம். தூங்கும்போது தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துத் தலையை உயர்த்திக்கொள்ளுங்கள். மூச்சு மூக்கு வழியாக மெதுவாக வந்துபோகட்டும். எடுத்த பக்கத்து மூக்கில் லேசாக ரத்தம் கசியலாம். துடைத்தால் போதும், உறிஞ்சவோ சிந்தவோ கூடாது.

4. இரண்டு வாரம் அழுத்தத்தை அடக்குங்கள்

மூக்கில் அழுத்தம் ஏறினால் காற்று சைனஸிலிருந்து கீழே குழிக்குள் தள்ளும். வாயில் உறிஞ்சினால் அதே கட்டியைக் கீழிருந்து இழுக்கும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எது கூடும், எது கூடாது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம். மருத்துவர்கள் பொதுவாக 14 நாள் சொல்கிறார்கள். திறப்பைத் தைத்து மூடியிருந்தால் மூன்று, நான்கு வாரம்கூடச் சொல்வார்கள்.

தும்மல். எல்லாவற்றிலும் பெரிய எதிரி இதுதான், ஏனென்றால் நம் பழக்கம் நேர் எதிராக இருக்கிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, தும்மலை உள்ளேயே அமுக்கிவிடுவோம். அந்த நேரத்தில் அழுத்தம் முழுவதும் சைனஸுக்குத்தான் போகும். இந்த இரண்டு வாரம் வாயை நன்றாகத் திறந்து தும்முங்கள், மூக்கைத் தொடாதீர்கள், முகத்துக்கு முன்னால் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அநாகரிகமாகத் தெரிந்தால் தெரியட்டும். தூசி தட்டுவது, ஒட்டடை அடிப்பது, பழைய அலமாரியைக் குடைவது போன்ற வேலைகளை வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள். ஒவ்வாமையால் அடுக்குத் தும்மல் வரும் ஆள் என்றால் பல் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்து கேளுங்கள்.

மூக்குச் சிந்துவது. அறவே கூடாது, ஒரு பக்கத்தை மூடி மறுபக்கம் மெதுவாகச் சிந்துவதும் கூடாது. வழிவதைத் துடையுங்கள். உள்ளே நிற்பதைத் தொண்டை வழியாக வாய்க்கு வரவிட்டு வழிய விடுங்கள். காறித் துப்புவதும் அதே கணக்குதான். ஜலதோஷம் இருக்கும்போது பல்லை எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. தாங்க முடியாத வலியோ வீக்கமோ இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

புகை. இழுப்பது ஓர் உறிஞ்சல், சூடும் நிக்கோட்டினும் புண்ணை ஆறவிடாமல் செய்வது தனி. இரண்டு வாரம் முடியவே முடியாது என்பவர்கள் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஊதுவது. பலூன், குழல் வாத்தியங்கள், அடுப்பு ஊதுவது எல்லாம் ஒன்றே. வாத்தியம் வாசிப்பதே தொழில் என்றால் எப்போது திரும்பலாம் என்பதைத் தேதியோடு கேட்டு வாங்குங்கள். மூச்சை அடக்கியும் வேகமாகத் தள்ளியும் செய்யும் மூச்சுப் பயிற்சிகளையும் நிறுத்திவையுங்கள்.

பாரம் தூக்குவது, முக்குவது, தலை கீழாகக் குனிவது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு விடுமுறை. மலச்சிக்கல் இருந்தால் அதற்கும் வழி பாருங்கள். முக்கும்போது தலையில் ஏறும் அழுத்தம் சாதாரணம் இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன்.

விமானப் பயணம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையும். ஏறும்போது சைனஸுக்குள் இருக்கும் காற்று விரியும், இறங்கும்போது சுருங்கும். சைனஸ் திறந்திருந்தால் இரண்டு வாரமாவது பறக்க வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. நீச்சலில் முங்குவதையும் தள்ளிவையுங்கள். ஆழ்கடல் முக்குளிப்பை மருத்துவர் அனுமதிக்கும் வரை நினைக்கவே வேண்டாம். பயணச்சீட்டு முன்பே எடுத்திருந்தால் தேதியை மாற்ற மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். கடிதத்தில் சிகிச்சைத் தேதியும் 'இன்ன தேதி வரை பறக்கக் கூடாது' என்ற வரியும் இருந்தால்தான் பயன்.

தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக இரவில் காற்றழுத்தக் கருவி மாட்டிக்கொள்பவர்கள் தனியாகக் கேட்க வேண்டும். நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து, அப்படியே தொடர்வதும் ஆபத்து. இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

5. கொப்பளிப்பதும் ஆவி பிடிப்பதும்

24 மணி நேரம் கழிந்த பின் வெதுவெதுப்பான உப்பு நீர். ஒரு குவளைக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. கொப்பளிப்பது என்று சொன்னாலும் கன்னத்தை உப்பி அடிக்கும் கொப்பளிப்பு இல்லை. வாயில் எடுத்து, தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்து, வாயைத் திறந்து விழவிடுங்கள். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்கலாம். குழியின் பக்கம் பிரஷ் போக வேண்டாம். மறுபக்கத்தில் மெல்லுங்கள்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம் தரும், ஆனால் முதல் நாள் வேண்டாம், சூட்டில் ரத்தக் கசிவு திரும்பலாம். மூக்குக்குள் உப்புநீரைத் தூவும் ஸ்ப்ரே பரவாயில்லை. குப்பியை அழுத்தி ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வாங்கும் கழுவல் மட்டும், மருத்துவர் சொல்லாமல், இப்போது கூடாது.

6. மருந்துகளில் விழும் பள்ளங்கள்

சைனஸ் திறந்தது என்று தெரிந்தால் மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தும், தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் எழுதுவார்கள். சைனஸின் வடிகால் துளை அதன் பக்கச் சுவரில் உயரத்தில் இருக்கிறது. தொட்டியின் அடியில் இல்லாமல் விளிம்புக்கருகே துளை போட்டதுபோல. அந்தத் துளை வீங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்குவது புண் வழியாகத்தான் வழி தேடும். சொட்டு மருந்து அதைத் திறந்து வைப்பதற்குத்தான்.

முதல் பள்ளம் இதே சொட்டு மருந்துதான். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை மருந்துகள் போட்ட சில நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்ளும், அந்தச் சுகத்தில் வாரக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்போம். 3 முதல் 5 நாளைக்கு மேல் போனால் மருந்தை நிறுத்தியதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். சீட்டில் எத்தனை நாள் என்று இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்; சளிக்கான சில மாத்திரைகளும் இவர்களுக்கு ஆகாது.

இரண்டாவது, ஆன்டிபயாட்டிக்கை வலி குறைந்ததும் மூன்றாம் நாளே நிறுத்துவது. மூன்றாவது, வீட்டில் மிஞ்சிக்கிடந்த ஆன்டிபயாட்டிக்கைத் தாங்களாகவே தொடங்குவது. ஓட்டையை மாத்திரை மூடாது. அறிகுறியை மறைத்து நாளைக் கடத்தும், அவ்வளவுதான். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மருந்துச் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தச் சீட்டுகளைப் பல் எடுக்கப் போகும்போதே கையில் கொண்டுபோக வேண்டும்.

7. எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

முதல் ஓரிரு நாள் எச்சிலில் இளஞ்சிவப்பு, கன்னத்தில் இரண்டு மூன்று நாள் ஏறிப் பின் வடியும் வீக்கம், லேசான மூக்கடைப்பு எல்லாம் வழக்கமானவை. நாளுக்கு நாள் குறைய வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

கீழே இருப்பவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிடுங்கள்:

- குடிக்கும் தண்ணீர் மூக்கில் வருவது, ஒரே ஒரு முறை வந்தாலும்
- பேசும்போது, மூச்சுவிடும்போது குழியில் காற்று போய்வரும் உணர்வு அல்லது விசில் போன்ற சத்தம்
- குரல் திடீரென்று மூக்கால் பேசுவதுபோல் மாறுவது
- ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட நாற்றமுள்ள சளி, வாயில் உப்பான அல்லது அழுகிய சுவை
- குனிந்தால் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் கனத்து வலிப்பது

காய்ச்சலோடு கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், பார்ப்பது இரண்டாகத் தெரிவது, அழுத்தியும் நிற்காத ரத்தம், இவற்றில் எது வந்தாலும் பல் மருத்துவருக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு பெரிய பொறியையும் சொல்ல வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதி, குழியில் காற்று வருகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பற்றி எங்காவது படித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று செய்து பார்க்காதீர்கள். மூடிக்கொண்டிருந்த சவ்வை அதுவே கிழித்துவிடலாம். நான் மூன்று நாள், தினம் இரண்டு வேளை செய்து பார்த்தேன். நாக்கை விட்டுத் துழாவுவது, குச்சியால் குத்திப் பார்ப்பது எல்லாம் இதே ரகம்.

8. 'திறந்திருக்கிறது' என்று சொன்னால்

பதற வேண்டாம், ஆனால் நாள் கணக்கை உடனே தொடங்குங்கள். தொற்று இல்லாத புதுத் திறப்பை முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மூடினால் வெற்றி வாய்ப்பு மிக நன்று. ஒரு வாரம் போல் கடந்தால் வழியின் உட்புறம் தோல் போர்த்திக்கொண்டு நிரந்தரப் புரையாக மாறத் தொடங்கும். பிறகு தானாக மூடும் என்று காத்திருப்பது வீண்.

சிகிச்சை அளவைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டருக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் காத்து, மேலே சொன்ன கட்டுப்பாடுகளோடு இருந்தாலே பெரும்பாலும் மூடிவிடும். அதற்கு மேல், ஏறத்தாழ 5, 6 மில்லிமீட்டர் வரை, குழிக்குள் கரையும் பஞ்சு வைத்து எட்டு வடிவில் தையல் போடுவார்கள். அதையும் தாண்டினால் கன்னப் பக்கத்து ஈறையோ அண்ணத்துத் தசையையோ புரட்டி எடுத்து மூடுவார்கள். கன்னக் கொழுப்பைக் கீழிறக்கி மூடும் முறையும் உண்டு. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம். கன்னப் பக்கத்திலிருந்து இழுத்தால் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழம் குறையும். பின்னால் பல்செட் வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அண்ணத்திலிருந்து எடுத்தால் அந்த இடம் சில வாரம் எரியும்.

சைனஸுக்குள் சீழ் பிடித்திருந்தால் முதலில் அது அடங்க வேண்டும். அழுக்கான சைனஸின் மேல் மூடி போட்டால் தையல் பிரிந்துகொள்ளும். எனக்கு முதலில் கழுவல், மருந்து என்று இரண்டு வாரம் போனது, பிறகுதான் மூடினார்கள். வேர்த்துண்டு உள்ளே போயிருந்தால் அதை எடுப்பது தனி வேலை, வாய்-தாடை அறுவை நிபுணரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ செய்வது. 'உள்ளேயே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது' என்று சொன்னால் இன்னொருவரிடம் கேட்பதில் தவறில்லை.

9. பணமும் காகிதமும்

பல் எடுப்பதற்கான கட்டணத்தில் எது அடங்கும் என்று முன்பே கேளுங்கள்: மறுபடி வந்து காட்டுவது, தையல் பிரிப்பது, சைனஸ் திறந்தால் அதே அமர்வில் மூடுவது. தையல் அப்போதே போட்டால் சிறு செலவு. வாரங்கள் கழித்து என்றால் முப்பரிமாண ஸ்கேன், இரண்டு துறை மருத்துவர்கள், அறுவை, விடுப்பு என்று பல மடங்காகும்.

ஸ்கேனை எடுத்த எடுப்பில் நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். எந்தப் பகுதி, எந்த வகை என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு போங்கள். வெறும் பல் படம் எடுத்தால் சைனஸின் மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும், காது மூக்கு தொண்டை மருத்துவர் முழுதாகத் தெரிகிற படம் வேண்டும் என்பார். எனக்கு இப்படித்தான் இரண்டு முறை ஆனது.

காப்பீடு இருந்தால், பல் சிகிச்சையை விலக்கிவைத்த திட்டங்களிலும் சைனஸ் அறுவை வேறு தலைப்பில் வரக்கூடும். அறுவைக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நோயின் பெயரும் அறுவையின் பெயரும் மருத்துவரின் குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும். 'பல் பிரச்சினை' என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

10. மூன்றாம் வாரத்திலிருந்து

தையல் பொதுவாக 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். சைனஸை மூடிய தையல் என்றால் இரண்டு வாரம் வரை விடுவார்கள். நூல் உறுத்துகிறது என்று வீட்டில் கத்தரிக்காதீர்கள். ஈறு மூடிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். அந்த இடத்தில் இம்பிளான்ட் வைக்க நினைத்தால் குறைந்தது மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் பேச்சே எடுப்பார்கள். சைனஸ் தரை தாழ்ந்திருந்தால் அதை உயர்த்தி எலும்புத்தூள் வைக்கும் வேலையும் சேரும். அப்போது இன்றைய படங்களும் சிகிச்சைக் குறிப்பும் மறுபடி தேவைப்படும்.

இரண்டு வாரம் முடிந்ததும் மூக்கைச் சிந்தத் தொடங்கலாம். முதல் சில நாள் இரு பக்கமும் திறந்தபடி, மெதுவாக. ஒரு மாதம் கழித்தும் ஒரே பக்கத்தில் மூக்கடைப்போ நாற்றமோ நின்றால், சாதாரண ஜலதோஷம் என்று மாத்திரை வாங்கிப் போடாமல், 'இந்தப் பக்கத்து மேல் பல்லை இன்ன தேதியில் எடுத்தேன்' என்று சொல்லியே மருத்துவரிடம் பேச்சைத் தொடங்குங்கள். அந்த வாக்கியம் இல்லாமல் போனதால்தான் எனக்கு முதலில் கிடைத்தது ஒவ்வாமை மாத்திரை.